புற்றுநோயால் வரும் நரம்புக் கோளாறு: முதலில் கண்டவர் என்று யாரைச் சொல்வது?

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்:

வணக்கம். அடுத்த மாதம் கடலூரில் ஒரு வாசகர் வட்டத்தில் 40 நிமிஷம் பேசவேண்டும். புற்றுக்கட்டி ஓரிடத்தில் இருக்க, அது பரவாத இடத்தில் நரம்பு கெடுகிறது என்பதை மருத்துவர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பது பேச்சு. கேட்க வருபவர்களில் பாதிப்பேர் நர்சிங் மாணவிகள்.

"முதல்" என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு கட்டுரை ட்ரூசோ 1865 என்கிறது. இன்னொன்று ஒப்பன்ஹைம் 1888. பிரெஞ்சுப் பக்கம் போனால் ஓஷே 1890. பாடப்புத்தகம் டென்னி-பிரவுன் 1948. நாலு பேரும் எப்படி முதல் ஆள் ஆக முடியும்? ஒப்பன்ஹைமோ ஓஷேயோ சரி என்றால், அதற்கப்புறம் அறுபது வருஷம் ஏன் ஒன்றும் நகரவில்லை? இன்னொன்று, 'பாரானியோபிளாஸ்டிக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "புற்றுநோய் நரம்புக்குப் பரவியது" என்று எழுதிவைத்திருக்கிறேன், அது தப்பு என்று மட்டும் தெரிகிறது.

சுஃப்ரேன் வீதி, புதுச்சேரி:

ட்ரூசோவை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். 1865இல் பாரிஸில் அவர் நடத்திய பாடம் இரத்த உறைவு பற்றியது. சிரை வீங்கி இரத்தம் உறைந்திருக்கிறது, வேறு காரணம் தெரியவில்லை என்றால் உள்ளே எங்கோ புற்று இருக்கிறதா என்று தேடு என்றார். நரம்பு பற்றி அதில் பேச்சே இல்லை. கட்டி ஓரிடம், கேடு வேறிடம் என்ற எண்ணத்துக்கு அவர் தாத்தா, அவ்வளவுதான். 1867இல் தன் உடம்பிலேயே அந்த உறைவைப் பார்த்துவிட்டு, இனிச் சந்தேகமில்லை என்று மாணவரிடம் சொன்னார். அந்த வருஷமே வயிற்றுப் புற்றில் இறந்தார்.

நர்சிங் பிள்ளைகள் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. "ட்ரூசோ சைன்" என்றதும் அவர்கள் வேறொன்றை நினைப்பார்கள்: பி.பி. கஃபை சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு மேலே ஏற்றி 3 நிமிஷம் வைத்தால், கால்சியம் குறைந்தவருக்குக் கை மணிக்கட்டில் மடங்கி விரல்கள் குவியும். ஆள் ஒருவர்தான், அறிகுறி இரண்டு. சொல்லாமல் விட்டால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஒப்பன்ஹைம் 1888இல் பெர்லினில் எழுதியதற்குத் தலைப்பே விஷயத்தைச் சொல்கிறது: புற்று பரவிய நோயாளிகளில், மூளையில் காணத்தக்க மாற்றம் இல்லாமலே வரும் மூளை அறிகுறிகள். இதில் கனமான சொல் "காணத்தக்க". மூளையைச் சுற்றிய உறையில் மெல்லிசாகப் படர்ந்த புற்றணுக்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்த்தவர்களில் சிலருக்கு அப்படியும் இருந்திருக்கலாம்.

ஓஷே 1890இல் எழுதியது புற நரம்புகள் பற்றி. வயிறு, கணையம், கருப்பைப் புற்று உள்ளவர்கள். இங்கே சிக்கல் வேறு. புற்று முற்றியவர் சாப்பிடமாட்டார், உடம்பு வற்றிவிடும், சத்துக்குறைவாலேயே கால் மரத்துப்போகும். பெரிபெரிக்கும் தீட்டிய அரிசிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஐக்மன் ஜாவாவில் கோழிகளை வைத்து அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிபெரியைக் கொண்டுவரும் வைட்டமின் பி1 குறைவையும் புற்றையும் பிரித்துச் சொல்ல ஓஷேயிடம் கருவி கிடையாது.

சொல்லுக்கு வருகிறேன். 'பாரானியோபிளாஸ்டிக்' லியோன் நகரில் கிஷாரும் வினியோனும் 1949இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையின் நோயாளிக்கு இருந்தது உண்மையான பரவல்: கருப்பை வாய்ப் புற்று நுண்ணிய துகள்களாக நரம்பு வேர்களில் இறங்கியிருந்தது. "இது அதுவல்ல" என்று ஒதுக்குவதற்காகப் பிறந்த சொல் நிலைத்துவிட்டது. 'பாரா' என்றால் பக்கத்தில், கூடவே. "புற்றுசார்" என்று சிலர் எழுதுகிறார்கள், அதில் பரவலும் அடங்கிவிடும். முதல் தடவை "புற்று பரவாமலே வரும் நரம்புக் கேடு" என்று நீட்டிச் சொல்லிவிட்டு, அப்புறம் பாரானியோபிளாஸ்டிக் என்றே போங்கள்.

ஃபார்மலின்:

அறுபது வருஷம் ஏன் என்ற கேள்விக்கு என் பதில்: யாரும் அந்த முடிச்சை எடுத்துப் பார்க்கவில்லை.

உணர்வு நரம்பின் செல் உடல் தண்டுவடத்துக்குள் இல்லை, வெளியே பின்வேரில் ஒரு முடிச்சாக இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள துளைக்குள் பதுங்கியிருக்கும். போஸ்ட்மார்ட்டத்தில் வழக்கமாகத் தண்டுவடத்தை எடுக்கும்போது முதுகெலும்பின் பின்வளையத்தை ரம்பத்தால் அறுத்து, வேர்களை வெட்டிவிட்டு, உறையோடு உருவி எடுப்பார்கள். வெட்டு முடிச்சுக்கு உள்பக்கம் விழும். முடிச்சு உடலிலேயே தங்கிவிடும். தண்டுவடத்தை மட்டும் ஸ்லைடு போட்டால், உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் பின்தூண்கள் வெளிறியிருப்பது தெரியும். அந்தக் காலத்தில் பின்தூண் வெளிறல் என்றால் ஒரே பதில், சிபிலிஸால் வரும் டேபீஸ். தள்ளாட்டம், சுரீர் வலி, முட்டியில் ரிஃப்ளெக்ஸ் இல்லை, எல்லாம் பொருந்தும். கோப்பை மூடிவிடுவார்கள். 1906இல் வாசர்மன் டெஸ்ட் வந்த பிறகுதான் "சிபிலிஸ் இல்லாத டேபீஸ்" என்று ஒரு மிச்சம் நின்றது.

முடிச்சு வேண்டுமென்றால் பின்வளையத்தோடு நிற்காமல் பக்கவாட்டு மூட்டையும் எலும்பு கடிக்கும் இடுக்கியால் துண்டுதுண்டாகக் கடித்தெடுத்துத் துளையைத் திறக்கவேண்டும். இடுப்புப் பகுதியில் எல்4, எல்5 வசதி, வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குப் பெரிது. வேரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் செல்கள் நசுங்கி, நோயா கைவேலையா என்று சொல்ல முடியாமல் போகும். முடிச்சுக்கு வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நரம்பை வெட்டி, 10 சதவீத ஃபார்மலினில் போடவேண்டும். ஸ்லைடில் பெரிய உருண்டைச் செல்கள் காணாமல்போய், அந்த இடத்தில் துணைச் செல்கள் சிறு குவியலாக மொய்த்து நிற்கும். அதற்கு நாஜியோட் முடிச்சு என்று பெயர். காலியான வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் வந்து நிற்பதுபோல.

டெரெக் டென்னி-பிரவுன் நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்து பாஸ்டன் போனவர். 1948இல் அவர் எழுதியது இரண்டே நோயாளிகள் பற்றி. இருவருக்கும் நுரையீரல் மூச்சுக்குழாய்ப் புற்று. உணர்வு போய்விட்டது, தசையிலும் மாற்றம், முடிச்சில் செல்கள் அழிந்திருந்தன, அங்கே புற்றணு கிடையாது. என் கணக்கில் "பரவல் அல்ல" என்பதை மைக்ரோஸ்கோப்பில் சரியான இடத்தில் காட்டியவர் அவர். முதலில் பார்த்தவர் யார் என்பதைவிட முதலில் நிரூபித்தவர் யார் என்று கேளுங்கள்.

சிறுமூளைக் கதை தனி. ஆம்ஸ்டர்டாமில் பிரௌவர் 1919இலேயே சிறுமூளை தேய்ந்த ஒரு நோயாளியை எழுதினார், கட்டியும் இருந்தது. ஆனால் இரண்டையும் முடிச்சுப்போட்டது 1938இல், பீமொண்டுடன் சேர்ந்து எழுதியபோது. 1951இல் பிரெய்ன், டேனியல், கிரீன்ஃபீல்டு மூவரும் அதை உறுதியாக்கினார்கள். (ஆமாம், நரம்பு மருத்துவருக்குப் பெயரே பிரெய்ன். பின்னால் 'பிரெய்ன்' என்ற ஆய்விதழுக்கே ஆசிரியரும் ஆனார்.)

ஓ.டி. கடலூர்:

பெயரைப் பார்த்து ஓல்டு டவுன் என்று நினைப்பவர்களுக்கு: இரண்டும்தான், வீடும் ஓ.டி., வேலையும் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்).

மயக்க மருந்துத் துறையின் பங்கை யாரும் சொல்லவில்லையே. 1953இல் ஆண்டர்சன், சர்ச்சில்-டேவிட்சன், ரிச்சர்ட்சன் மூவரும் லான்செட்டில் எழுதினார்கள். நுரையீரல் கட்டி உள்ள நோயாளிக்கு, ஆபரேஷனில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்திருக்கிறார்கள். சில நிமிஷத்தில் திரும்பவேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பவில்லை. விசாரித்தால் அவருக்கு ஏற்கெனவே தசைப் பலவீனம். கட்டியை எடுத்த பிறகு பலவீனம் குறைந்தது. கட்டியை எடுத்தால் நரம்புக் கோளாறு தணிகிறது என்பது எவ்வளவு பெரிய சாட்சி, பாருங்கள்.

இதை நம்ம ஊரில் சொல்லும்போது ஒரு திருத்தம் சேர்க்கவேண்டும். சக்சினைல்கோலினுக்குப் பின் மூச்சு வரவில்லை என்றால் இங்கே முதலில் நினைக்கவேண்டியது சூடோகோலினெஸ்டரேஸ் குறைவு, அதாவது அந்த மருந்தை உடைக்கும் நொதியின் குறைவு. ஆரிய வைசியக் குடும்பங்களில் அது பரம்பரையாக வருவது தென்னிந்திய அனஸ்தீசியாவில் நெடுநாள் தெரிந்த சங்கதி. பூச்சிமருந்து குடித்தவருக்கும் அந்த நொதி அடங்கியிருக்கும், பண்ருட்டி முந்திரிப் பக்கத்திலிருந்து வரும் கேஸ்களில் இதை மறக்கவே கூடாது. இரண்டும் இல்லை என்றால்தான் லாம்பர்ட்-ஈட்டன்.

அது மேயோ கிளினிக்கில் 1956இல் லாம்பர்ட், ஈட்டன், ரூக் பெயரிட்டுப் பிரித்த நோய். தசை பலவீனமாகும் மயஸ்தீனியா நோய் மாதிரி இருக்கும், ஆனால் தலைகீழ். மயஸ்தீனியாவில் வேலை செய்யச் செய்யத் தசை தளரும். இதில் கொஞ்சம் வேலை செய்தால் பலம் ஏறும். தொடையில் தொடங்கும், வாய் உலரும், ரிஃப்ளெக்ஸ் இருக்காது.

மேடையில் காட்டக்கூடியது ஒன்று: முட்டியில் தட்டுங்கள், கால் அசையாது. காலை 10 விநாடி முழு பலத்தோடு நீட்டிப் பிடிக்கச் சொல்லி, தளர்த்தியவுடன் மறுபடி தட்டுங்கள், இப்போது உதைக்கும். மெஷினில் இதே காரியம்தான்: மணிக்கட்டில் அல்னார் நரம்பைத் தூண்டி, சுண்டுவிரல் பக்கத் தசையின் அலையைப் பதிவு செய். அலை குட்டையாக வரும். 10 விநாடி விரலை விரித்துப் பிடிக்கச் சொல், உடனே மறுபடி ஒரே ஒரு தூண்டல். அலை இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தால் அதுதான்.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். பலம் தெரியட்டும் என்று 10 விநாடிக்குப் பதில் ஒரு நிமிஷம் பிடிக்கவைப்பார்கள், தசை களைத்து உயர்வு மறைந்துவிடும். இன்னொன்று ஏ.சி. அறையில் சில்லிட்ட கை. குளிரில் நரம்பு-தசைச் சந்தி நன்றாகவே வேலை செய்வதுபோல நடிக்கும், 3 ஹெர்ட்ஸ் தூண்டலில் வரவேண்டிய சரிவு தெரியாது. கையை வெந்நீரில் வைத்துத் துடைத்துவிட்டு, தோலில் 32 டிகிரிக்கு மேல் வந்த பிறகு ஆரம்பிக்கவேண்டும்.

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்:

நன்றி சார், பாதிப் பேச்சை மாற்றி எழுதவேண்டும்போல. அப்படியானால் 1956 வரை "என்ன நடக்கிறது" மட்டும்தான், "எதனால்" என்பது கிடையாதா? என் குறிப்பில் ஹூ, யோ, ரி என்று சீனப் பெயர் மாதிரி மூன்று இருக்கிறது. அது என்ன? இன்னொரு இடத்தில் "புற்றுநோயாளிகளில் 6.6 சதவீதம் பேருக்கு இது வரும்" என்று பார்த்தேன், ஸ்லைடில் போடலாமா?

ஸ்டெயின் பெட்டி, காலாப்பட்டு:

சீனம் இல்லைங்க, இந்த நோயாளிகளின் இரத்தத்தில் காணும் ஆன்டிபாடிகளுக்கு (எதிர்ப்புப் புரதங்களுக்கு) வைத்த பெயர், நோயாளிகளின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்து. நியூயார்க்கில் போஸ்னர் குழுவின் வழக்கம் அது. மேயோவில் அதே ஆன்டிபாடிகளுக்கு வேறு பெயர்: ஹூ என்பது ஏ.என்.என்.ஏ.-1, யோ என்பது பி.சி.ஏ.-1. லேப் ரிப்போர்ட்டில் இரண்டு பெயரும் வரும், வேறு வேறு என்று எண்ணிவிடாதீர்கள்.

"எதனால்" என்பதற்கு ரொம்ப நாள் நச்சு, வைரஸ், சத்துக்குறைவு என்று மூன்று ஊகம் ஓடியது. 1965இல் வில்கின்சனும் செரோம்ஸ்கியும் உணர்வு நரம்பு கெட்ட புற்றுநோயாளிகளின் சீரத்தில் நரம்புச் செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தால் காட்டினார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் அமைதி. 1976இல் டிராட்டர் குழு, ஹாட்ஜ்கின் நோயோடு (ஒரு நிணநீர்ப் புற்று) சிறுமூளை கெட்டவரிடம் ஆன்டிபாடியைக் கண்டது. 1983இல் கிரீன்லீயும் பிராஷியரும், கருமுட்டைப் பைப் புற்றில் சிறுமூளையின் பர்க்கின்ஜி செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடி, இதுதான் பின்னால் யோ. 1985இல் கிராவுஸ், கார்டன்-கார்டோ, போஸ்னர், ஸ்மால் செல் நுரையீரல் புற்றில் நரம்பணுக் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி, இது ஹூ. அதாவது டென்னி-பிரவுனின் நோய்க்கு 37 வருஷம் கழித்து ஒரு டெஸ்ட் கிடைத்தது.

கட்டி தன் செல்லில் நரம்புக்குரிய புரதத்தைச் செய்கிறது. உடம்பு கட்டியைத் தாக்கக் கிளம்பி, அதே புரதம் உள்ள நரம்பையும் தாக்குகிறது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள்: எல்லா ஆன்டிபாடியும் குற்றவாளி இல்லை. லாம்பர்ட்-ஈட்டனில் ஆன்டிபாடியே குற்றவாளி. 1981இல் லாங், நியூசம்-டேவிஸ் குழு நோயாளியின் ஐ.ஜி.ஜி.யை (இரத்தத்து ஆன்டிபாடியை) எலிக்கு ஏற்றி அதே கோளாறை வரவைத்தார்கள். அது நரம்பு முனையின் வெளிப்புறக் கால்சியம் வாயிலைப் பிடிக்கிறது. ஹூவும் யோவும் செல்லுக்குள் இருக்கும் புரதத்துக்கு எதிரானவை. அங்கே கொல்வது டி செல், ஆன்டிபாடி வெறும் அடையாளம். அதனால்தான் ஆன்டிபாடியை வெளியேற்ற பிளாஸ்மா மாற்றினாலும் ஹூ நோயாளி பெரும்பாலும் தேறுவதில்லை. செத்த செல் திரும்பாது. 2007இல் டால்மாவ் குழு சொன்ன என்.எம்.டி.ஏ. ஏற்பி நோய் (ஆன்டிபாடியால் வரும் மூளை அழற்சி) லாம்பர்ட்-ஈட்டன் பக்கத்து உறவு. கருமுட்டைப் பையில் உள்ள டெராட்டோமா என்ற கட்டியை எடுத்து, சிகிச்சை கொடுத்தால் பலர் எழுந்து நடக்கிறார்கள்.

லேப் விஷயம் ஒன்று. இப்போது கீற்றுப் பட்டை டெஸ்டில் பத்துப் பன்னிரண்டு ஆன்டிபாடியை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். மங்கலாக ஒரு கோடு விழுந்தால் "யோ பாசிட்டிவ்" என்று வந்துவிடும். எலி மூளைச் சீவலில் பர்க்கின்ஜி செல் ஒளிர்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது. எதிர்த் தப்பும் உண்டு: நரம்பு நன்றாகவே உள்ள ஸ்மால் செல் நோயாளிகளில் ஆறில் ஒருவரிடம் ஹூ குறைந்த அளவில் இருக்கும்.

சுஃப்ரேன் வீதி, புதுச்சேரி:

6.6ஐப் போடாதீர்கள் சார். அது கிராஃப்ட், வில்கின்சன் 1965, 1,476 புற்றுநோயாளிகளைப் பார்த்துச் சொன்னது. எண் சரிதான். ஆனால் அவர்கள் "நரம்புத்தசைக் கோளாறு" என்று எடுத்துக்கொண்டது அகலமான வலை. தொடைத் தசை இளைத்து ரிஃப்ளெக்ஸ் குறைந்தவரும் அதில் வந்துவிடுவார். இன்றைய அளவுகோலில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஸ்மால் செல் நுரையீரல் புற்றில் மட்டும் லாம்பர்ட்-ஈட்டன் சுமார் 3 சதவீதம்.

ஃபார்மலின்:

ஒத்துக்கொள்கிறேன். அதோடு ஒன்று: 1948ஆம் வருஷக் கேஸ்களுக்கு இன்று கிடைக்காத ஒரு சுத்தம் இருந்தது. அவர்களுக்கு யாரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுத்திருக்கவில்லை. அது 1978இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிஸ்பிளாட்டின் கெடுப்பதும் இதே பின்வேர் முடிச்சைத்தான். இன்று கீமோ எடுத்தவருக்குக் கை மரத்தால் மருந்தா, ஹூவா என்று பிரிப்பது பாடு. தேதி பாருங்கள்: கீமோவுக்கு முந்தியே தொடங்கியிருந்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் நரம்புக் கோளாறுதான் முதலில் வரும், கட்டி மாதங்கள் கழித்துத் தெரியும்.

நம்ம பக்கத்தில் இன்னும் மூன்று வேஷக்காரர்கள். எக்ஸ்ரேயில் நிழல் பார்த்து டி.பி. மருந்து தொடங்கியிருப்பார்கள், ஐசோநியசிட் பி6ஐக் குறைத்துக் காலை மரக்கவைக்கும். சரி என்று பி6 மாத்திரையை வருஷக்கணக்கில் கிராம் அளவில் விழுங்கினால் அதுவே முடிச்சைக் கெடுக்கும். 1983இல் ஷாம்பர்க் குழு எழுதிய 7 பேர் தினம் 2 முதல் 6 கிராம் எடுத்தவர்கள். சிறுமூளைத் தள்ளாட்டம் என்றால் புதுச்சேரியில் முதலில் சாராயத்தைக் கேட்கவேண்டும். அது மெதுவாக, காலில் தொடங்கும். பாரானியோபிளாஸ்டிக் வாரக்கணக்கில் ஆளைப் படுக்கையில் தள்ளும், பேச்சும் குழறும்.

சர்க்கரை நோயிலிருந்து பிரிக்க: சர்க்கரை இரண்டு கால் விரல்களிலும் சமமாகத் தொடங்கி மேலேறும். முடிச்சு கெட்டால் ஒரு கை, முகத்தின் ஒரு பக்கம் என்று கன்னாபின்னாவெனத் தொடங்கும். கையை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னால் விரல்கள் தாமாகவே மேலும் கீழும் அலையும், யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியத்தை மெதுவாக வாசிப்பதுபோல. கண்ணைத் திறந்தால் நின்றுவிடும். பலம் அப்படியே இருக்கும், கை எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் மேலே போகாது.

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்:

அருமை. ஸ்லைடில் இப்படி எழுதலாமா: "சந்தேகப்பட்டவர்கள் ஒப்பன்ஹைம், ஓஷே, பரவல் அல்ல என்று காட்டியவர் டென்னி-பிரவுன், கட்டியை எடுத்தால் தணியும் என்று கண்டவர்கள் 1953 ஆண்டர்சன் குழு, காரணத்துக்குச் சாட்சி 1965 தொடங்கி." தண்டுவடம், பின்வேர் முடிச்சு படத்தை நானே வரைந்துவிடுகிறேன்.

ஃபார்மலின்:

எழுதலாம். படத்தில் முடிச்சைத் தண்டுவடத்துக்கு ஒட்டினாற்போலப் போட்டுவிடாதீர்கள், எலும்புத் துளையையும் சேர்த்து வரைந்து அதற்குள் போடுங்கள். ரம்பம் எங்கே அறுக்கும் என்று சிவப்பில் ஒரு கோடு. முன்வேரில் முடிச்சு கிடையாது.